சாதுவான குதிரை கேட்டாள்

மே 4

வா, உட்கார். சுகமா? உன் ஆடுகள், குதிரைகள், பிள்ளைகள் எல்லாம் சுகமா? காகிதத்திடம் கேட்கிறேன், பதில் வராது. தெரியும். ஆனாலும் வீட்டுக்கு வந்தவரைச் சுகம் கேட்காமல் பேச்சை எடுக்க எனக்கு வராது.

ஆடு மேய்ப்பதோடு இன்னொரு தொழிலும் தொடங்கிவிட்டேன். நாரின் நகரத்து மனசு டாக்டர் புருல்சாவுக்குக் குதிரை வாடகை. பெண்டாட்டியை அடிக்கும் ஆண்களைக் குதிரையேற்றி, பேசவைத்து, கோபத்தை இறக்குவாளாம். சிரித்தேன். பிறகு மெலிஸ் ஞாபகம் வந்தது, சிரிப்பு நின்றது.

மெலிஸ் என் செத்துப்போன தம்பியின் மருமகன். குளிர்காலத்தில் தன் பெண்டாட்டி, என் தம்பி மகள் குல்பாராவின் தாடையை உடைத்தான். அவள் மாதக்கணக்கில் பால்கஞ்சி குடித்தே கிடந்தாள். "அந்த டாக்டர்கிட்ட அவரையும் சேத்துவிடுங்க பெரியப்பா" என்று அவள்தான் கேட்டாள். இந்தத் தொழிலே அதற்காகத்தான்.

மே 9

டாக்டரம்மா கேட்டது இது: "அண்ணே, வயசான குதிரையா, சாதுவா, தூங்குமூஞ்சியா குடுங்க."

தூங்குமூஞ்சியா! ஊர் விட்டு ஊர் வரும் விருந்தாளிக்குக் கிழட்டுக் குதிரையா கொடுப்பது? என் மாமா ஒருமுறை நொண்டிக் குதிரையை மாப்பிள்ளைக்குக் கொடுத்தார். செத்து மண்ணான பிறகும் அவரை 'நொண்டிக்குதிரைக்காரர்' என்றுதான் சொல்கிறார்கள். அவர் ஓநாயோடு கட்டிப் புரண்டவர். அது யாருக்கும் ஞாபகமில்லை. அந்த ஓநாய்க் கதை இன்னொரு நாள்.

என் குதிரைகளில் காராகாஷ்காவையும் அவன் ஜோடிச் செம்பனையும் கொடுக்கப்போகிறேன். குதிரைமேல் இருந்தபடியே குனிந்து, தரையில் கிடக்கும் தலையில்லா ஆட்டுடலைப் பறிக்கும் ஆட்டத்தில் இந்தப் பள்ளத்தாக்கிலேயே அவர்களை முட்டித்தள்ளக் குதிரை கிடையாது.

மே 17

இன்று மெலிஸைக் காராகாஷ்காமேல் ஏற்றினோம்.

டாக்டரம்மா மெலிஸிடம் ஒரு ஆட்டுத்தோல் மூட்டையைக் கொடுத்தாள். உள்ளே கல். "இதுதான் உங்க கோபம். சுமந்துட்டு ஒரு சுத்து வாங்க. எப்ப மனசு வருதோ அப்பக் கீழ போடுங்க."

எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? ஆட்டுத்தோல். கனம். தரை.

மெலிஸ் அழுதுகொண்டே மூட்டையைப் போட்டான். நிஜமாகவே அழுதான், பார்த்தேன். தரையில் விழுந்ததும் காராகாஷ்கா நின்ற இடத்தில் வேரூன்றி, தோளைச் சரித்துக் கொடுத்தான். ஆட்டுடலை எடுக்கக் குனிபவனுக்கு அப்படித்தான் கொடுப்பான், நான் பழக்கியது. மெலிஸ் தலைகுப்புற விழுந்தான். அந்தப் பக்கமிருந்து செம்பன் பாய்ந்தான். இரண்டும் மூட்டையின் மேல் மார்போடு மார்பு மோதின, கடித்தன, பிடரியிலிருந்து ரத்தம் தெறித்தது. அடியில் மெலிஸ். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. சுள்ளி ஒடிகிற மாதிரி இல்லை. ஈரமாகக் கேட்டது.

இரண்டு கையும் போச்சு.

டாக்டரம்மா என் சட்டையைப் பிடித்தாள். "நான் கேட்டது என்ன, நீங்க குடுத்தது என்ன? நல்லது எதுன்னு எனக்குத் தெரியாமலா கேட்டேன்?"

மே 18

தொழில் முடிந்தது. ஒரு வரிதான் எழுதத் தோன்றுகிறது.

மே 23

மெலிஸின் அண்ணன் ஜோல்போர்ஸ் ஆள் அனுப்பினான்: தம்பி கையை முறித்த காராகாஷ்காவைக் கொடு, இல்லையென்றால் எடுத்துக்கொள்வோம்.

மாலையில் குல்பாரா வந்தாள். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் லாயத்துக்குப் போய் காராகாஷ்காவின் நெற்றி வெள்ளையில் கன்னத்தை வைத்தாள்.

"குடுக்காதீங்க பெரியப்பா."

"ஏம்மா?"

"அவருக்கு நான்தான் ஊட்டிவிடுறேன். கையைத் தூக்க முடியல. நேத்து ராத்திரி செருப்பக் கழட்டிட்டுத் தூங்கினேன். கல்யாணமானதுல இருந்து செருப்போடதான் படுப்பேன், ஓடுறதுக்குத் தோதா."

நாங்கள் எல்லாரும் ஒரே தெருவில்தான் இருக்கிறோம்!

மே 26

வந்தார்கள். ஜோல்போர்ஸும் ஆட்களுமாக நாலு பேர். லாயக் கதவில் குறுக்கே நின்றேன்.

"வழிய விடு கெழவா. ஒந் தம்பி மகளும் நீயும் சேந்துதானே திட்டம் போட்டீங்க?"

"திட்டம் போடத் தெரிஞ்சா ஆடு ஏண்டா மேய்க்கிறேன்?" என்றேன். சாட்டை முகத்தில் இறங்கியது. விழுந்த பிறகும் உதைத்தார்கள். பல் தொண்டைக்குள் போனது. நானும் ஒருவன் காதைக் கடித்தேன். பொய் சொல்வானேன், அதில் ஒரு ருசி இருந்தது. அப்போதுதான் பயந்தேன். மெலிஸுக்கும் இந்த ருசிதானா?

குதிரையை முற்றத்திலேயே சாய்த்தார்கள். கால்களைக் கட்டி. அவன் கண் என்னைத் தேடியது. அதற்குமேல் எழுத மாட்டேன்.

மே 27

காராகாஷ்காவின் இறைச்சியில் எனக்கும் பங்கு அனுப்பியிருக்கிறார்கள். பெரியவனுக்குரிய பங்கு, முறைப்படி, சுத்தமான துணியில் சுற்றி! அடப்பாவிகளா. என் மனைவி சைரா ஆப்பிள் மரத்தடியில் புதைத்தாள்.

ஜூன் 11

குல்பாரா குழந்தையோடு இங்கே வந்துவிட்டாள். டாக்டரம்மா வாரம் ஒருமுறை வருகிறாள். குதிரை இல்லை, மூட்டை இல்லை. இரண்டு பேரும் தேநீரை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள், சில நாள் பேசாமலும் இருக்கிறார்கள். "இப்படி அமைதியா ஒண்ண மொதல்லயே கேட்டிருக்கலாமே" என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். "கேட்டேனே அண்ணே. சாதுவா ஒண்ணு" என்றாள்.

தொழிலில் கற்றது இவ்வளவுதான்: விருந்தாளி முன்னால் என் மானத்தைப் பார்த்தேன். அவளுக்கு என்ன வேண்டும் என்று காது கொடுக்கவில்லை.

ஜூலை 20

மெலிஸுக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்களாம். சைரா கதவுக்கு இன்னொரு தாழ் போடச் சொன்னாள். போட்டேன்.

ஜூலை 22

தகப்பனார் சொல்வார், வாசலில் நிற்பவன் குரல் தாழ்ந்திருந்தால்தான் பயப்பட வேண்டும் என்று. மெலிஸ் இப்போது வெளியே நிற்கிறான். "குல்பாரா, வீட்டுக்கு வா" என்கிறான், மெதுவாக. நான் எழுந்தேன். அவள் என் தோளை அமுக்கி உட்காரவைத்தாள். கையெல்லாம் ரொட்டி மாவு.

"நீங்க உக்காந்து எழுதுங்க. நான் சொல்லிட்டு வரேன்."

"என்னம்மா சொல்லப்போற?"

"வரமாட்டேன்னு."

இரண்டு தாழையும் அவளே நீக்கினாள். ஓடவில்லை, ஒளியவில்லை, வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறாள். அவன் ஏதோ கேட்கிறான். அவள் தலையை ஆட்டுகிறாள், இல்லை என்று. அவன் கை தூக்குகிறான், தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறக்கிறது, அவள் பின்வாங்காமல் அப்படியே— "ஏங்க, பேனாவ வெச்சிட்டு வாங்க!" சைரா கூப்பிடுகிறாள், இதோ நான்