பழஞ்சாயத்தில் ஒரு ஜோடி

அண்ணாச்சி,

இன்று காலை பத்தமடையிலிருந்து பாய் ஜோடி வந்தது. கட்டைப் பிரித்ததும், சிவப்புச் சாயம் தரும் சப்பங்கி மரக்கட்டையோடு வெந்த கோரையின் வாடை கடை முழுவதும் பரவியது. நீங்கள் காய்ச்சலில் கண்மூடிய பிறகு வந்த முதல் ஜோடி இது.

நாம் கூட்டாகப் பாய்க்கடை வைத்த காலத்தில், சிவப்புக் கோடு இல்லாத கல்யாணப் பாயை யாரும் தொடமாட்டார்கள். அந்தச் சிவப்புக்கான ஜெர்மனிச் சாயப்பொடி தூத்துக்குடியில் வந்து இறங்கியது. வெந்நீரில் கரைத்தால் போதும். கட்டையைச் சீவி, நாள்கணக்கில் கொதிக்கவைத்துக் கோரையை முக்கியெடுக்கும் பழைய வேலையை நெசவு வீடுகள் விட்டுவிட்டன.

எனக்கு அப்போதே பயம். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் கற்ற பூகோளம், ஜெர்மனி எவ்வளவு தொலைவு என்பதைத்தான் ஓயாமல் நினைவூட்டியது. கப்பல் நின்றால் கடை என்ன ஆகும் என்று பொடி டின்களைக் கூடுதலாக வாங்கிப் பரணில் அடுக்கினேன். நீங்கள் தடுக்கவில்லை. ஆனால் ஐப்பசிதோறும் வண்டி கட்டிப் பாபநாசம் போய், மரக்காரரிடம் கட்டை வாங்கிவந்து, நெசவு செய்யும் பாத்தும்மாவிடம் பழஞ்சாயத்தில் ஒரு ஜோடி நெய்யச் சொல்வீர்கள். மங்கிய சிவப்பு, விலை போகாது. வீண்செலவு என்று ஒருநாள் மெல்லச் சொன்னேன்.

"டின்னு தீந்தா இன்னொண்ணு வாங்கலாம்வே. கை மறந்திச்சின்னா எங்கன போய் வாங்குவீரு?" என்றீர்கள்.

ஜெர்மன் சண்டை வந்தது. பொடி வரத்து நின்றது. என் டின்கள் மார்கழி வரை தாங்கின. தைக் கல்யாணங்களுக்குப் பாய் தருவதாக ஊரெல்லாம் ஒப்புக்கொண்டிருந்தோம். தறிகள் நின்றன. கடையை மூடிவிடலாம் என்றுகூட நான் சொன்னேன். நீங்கள் நேரே பத்தமடைக்குப் போனீர்கள். நானும் பின்னால் வந்தேன்.

பாத்தும்மா கலங்கவில்லை. "போன ஐப்பசியில செஞ்சதுதானே, அதுக்குள்ள மறந்தா போவும்? அண்ணாச்சி கட்டையக் கொண்டாங்க, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

நீங்கள் கட்டைக்குப் போனபோது பாபநாசத்தில் மற்ற வியாபாரிகள் கூடுதல் விலை பேசிக்கொண்டு நின்றார்களாம். வேண்டாத காலத்திலும் வந்தவர் என்று மரக்காரர் நம் வண்டியில்தான் முதலில் ஏற்றினார். பாத்தும்மா மற்ற வீட்டுப் பெண்களுக்கும் காட்டிக்கொடுத்தார். சில பாய்களில் சாயம் திட்டுத்திட்டாக விழுந்தது. வாங்கியவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் வாங்கினார்கள். கடை பிழைத்தது. என் டின்களும் உதவின என்று எல்லாரிடமும் சொன்னீர்கள். உண்மையாகத்தான் சொன்னீர்களா, என்னைத் தேற்றவா என்று இன்னும் தெரியவில்லை.

இப்போது சண்டை முடிந்துவிட்டது. பொடி விற்பவர் இன்று வந்திருந்தார். பாயைப் பார்த்துச் சிரித்தார். "இனி எதுக்கு மொதலாளி இந்த மங்கச் சாயம்? எம்புட்டு டின்னு வேணும், சொல்லுங்க."

யார் கேட்டாலும் தலையாட்டுகிறவன் நான். டின்களை வாங்கிக்கொண்டேன், வழக்கம்போல வேண்டியதற்குச் சற்று அதிகமாகவே. பாய்களை மட்டும் எடுத்து உள்ளே வைத்தேன்.

பாயோடு பாத்தும்மா சொல்லியனுப்பியிருந்தார்: கட்டை இத்தோடு தீர்ந்துவிட்டது.

வண்டிக்குச் சொல்லிவிட்டேன். பாபநாசத்துக்கு நான் போனதே இல்லை. மரக்காரரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். உங்கள் பெயரைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.