ஒரே மாதிரிக் குப்பிகள்

பாங்காக்
9 மே, புத்த ஆண்டு 2562

அன்புத் தங்கை புவாலாய்க்கு,

தவீசக் எழுதுவது. உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். போனில் அழைத்திருக்கலாம். ஆனால் நீங்கள் "ஹலோ" என்றதுமே எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும், அது உங்களுக்கும் தெரியும்.

ஏழு வருடங்களுக்கு முன் வயல் சேற்றுக் கிருமி உங்கள் ரத்தத்தில் ஏறியது. கிருமியைவிட, அதை அடிக்கக் கிளம்பும் உடம்பின் கோபம்தான் பொல்லாதது. நுரையீரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் சேர்த்துச் சாய்த்துவிடும். அதைத்தான் நாங்கள் செப்சிஸ் என்கிறோம். பிழைக்க மாட்டீர்கள் என்றுதான் நானும் நினைத்தேன். நீங்களோ எழுந்து உட்கார்ந்து ஒட்டரிசிச் சோறும் புளித்த மீனும் கேட்டீர்கள்.

பிறகு நீங்கள் கொடுத்த ரத்தத்தில், அந்தக் கிருமியை அடக்கிய எதிர்ப்பொருளைத் தேடிப் பிடித்தோம். இப்போது அதைத் தொட்டியில் வளர்க்கிறோம். அது எலிகளைக் காப்பாற்றியது. நல்ல உடம்புக்காரர்களுக்குக் கெடுதல் எதுவும் செய்யவில்லை. இனி நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். அதற்காக இந்த மழைக்காலத்தில் உங்கள் மாகாண ஆஸ்பத்திரிக்கே வருகிறது.

எலியிடம் ஜெயித்து மனிதனிடம் தோற்ற மருந்துகளை நிறையப் பார்த்தவன் நான். சந்தோஷம் என்று எழுதப் பயமாக இருக்கிறது. ஆனாலும் நேற்று ஒரு குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. காய்ச்சலில் நினைவிழந்து கிடந்த ஓர் உடம்பு, யாரும் சொல்லிக்கொடுக்காமல், இதைச் செய்திருக்கிறது! அது போன வழியில் பின்னால் நடந்து போய்ப் பார்த்ததுதான் என் படிப்பு முழுவதும்.

வழக்கமான கிருமிக்கொல்லி எல்லோருக்கும் உண்டு. அதோடு பாதிப் பேருக்கு இந்த மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்பு நீர். குப்பிகள் ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எது என்பது அங்குள்ள டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மறக்காத அன்புடன்,
தவீசக்


நோன் சாங் கிராமம், உபோன்
2 ஜூன்

டாக்டர் அண்ணாவுக்கு,

புவாலாய் எழுதுகிறேன். இங்கே மழை வந்துவிட்டது. உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

கடிதத்தை என் வீட்டுக்காரர் கம்ப்பானுக்குப் படித்துக் காட்டினேன். "அப்போ ஆஸ்பத்திரி பூரா உன் குணம் ஏறிடும்னு சொல்லு. பொம்பளைங்க எல்லாம் கட்டில்ல எந்திரிச்சு உக்காந்து புருஷனத் திட்டப் போறாங்க" என்றார். "எந்திரிச்சா போதும்யா, திட்டினா என்ன?" என்றேன்.

நீங்கள் அனுப்பிய ரப்பர் பூட்ஸில் என்னுடையதைப் போட்டுக்கொண்டுதான் வயலில் இறங்குகிறேன். அவருடையதில் கோழி அடைகாக்கிறது. சர்க்கரை வியாதிக்காரர், காலில் எப்போதும் வெட்டுக்காயம். சொன்னால், "சேறு பூட்ஸைப் பிடிச்சுக்கிட்டா நான் எப்படி வெளிய வர்றது?" என்கிறார்.

எனக்கு ஒரே குறை. சாகக் கிடக்கிறவனுக்கு உப்புத் தண்ணீரா? எங்கள் ஊரில் மாட்டுக்குக்கூட அப்படிச் செய்ய மாட்டார்கள்.

தங்கை,
புவாலாய்


மாகாண ஆஸ்பத்திரி, உபோன்
19 ஆகஸ்ட்

அண்ணா,

இங்கிருந்து உங்கள் ஆய்வகத்துக்கு ரத்த மாதிரி ஏற்றிவரும் வண்டியின் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கம்ப்பான் தீவிரப் பிரிவில் கிடக்கிறார். அதே கிருமி. இயந்திரம்தான் மூச்சு விடுகிறது. உங்கள் சோதனையில் சேர்க்கட்டுமா என்று கேட்டார்கள், கையெழுத்துப் போட்டேன். ஒரு குப்பி ஏற்றினார்கள். "எது ஏத்தினீங்க, சொல்லும்மா" என்று நர்ஸைக் கேட்டேன். "சத்தியமா எனக்கும் தெரியாதுக்கா" என்று அவளே அழுகிறாள்.

உங்கள் குளிர்ப்பெட்டியில் என் மருந்து இருக்கும். இதே வண்டியில் அனுப்புங்கள். அது என் ரத்தத்தில் வந்தது, அண்ணா. நான் பிச்சை கேட்கவில்லை.

புவாலாய்


பாங்காக்
20 ஆகஸ்ட்

என் தங்கைக்கு,

பொய் சொல்ல மாட்டேன். இருக்கிறது. குளிர்ப்பெட்டியைத் திறந்து ஒரு குப்பியைக் கையில் எடுத்தேன். வண்டி வாசலில் நின்றது. மறுபடி உள்ளே வைத்துவிட்டேன்.

அவருக்கு ஏற்றியது மருந்தாகவே இருந்தால், இரண்டாவது குப்பி என்ன செய்யும் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. உப்பு நீராக இருந்தால், இது அவரைக் காக்கும் என்றும் எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கிறோம். நான் மட்டும் கட்டை அவிழ்த்தால், அடுத்த மழைக்கும் அதற்கடுத்த மழைக்கும் விழப்போகிறவர்களுக்குக் கொடுக்க என் ஆசையைத் தவிர வேறெதுவும் இருக்காது.

இது நேர்மையா, என் வழக்கமான பயமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவர் எழுந்துவிட வேண்டும். வேறு எதையும் வேண்டத் தெரியவில்லை.

தவீசக்


நோன் சாங்
30 ஆகஸ்ட்

கம்ப்பான் போய்விட்டார். எரியூட்டியாகிவிட்டது.

யாருக்கு எது என்று தெரியவரும் நாளில் எனக்குச் சொல்லுங்கள். அதுவரை எழுத வேண்டாம்.

புவாலாய்


பாங்காக்
11 மார்ச் 2564

புவாலாய் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடியே இதுவரை எழுதாமல் இருந்தேன். யாருக்கு எது என்று எழுதி மூடிவைத்திருந்த உறைகளை நேற்று பிரித்தார்கள்.

மருந்து ஏற்றப்பட்டவர்களில் கூடுதலான பேர் பிழைத்திருக்கிறார்கள். பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் நிஜமான வித்தியாசம். திரும்பத் திரும்பச் சரிபார்த்தோம், மாறவில்லை. அறையில் யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் கணக்கு தெரிந்த கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். உங்கள் உடம்பு தனக்காகச் செய்துகொண்ட ஒன்று, உங்கள் முகம் அறியாதவர்களின் உடம்பில் போய் வேலை செய்திருக்கிறது. இத்தனை வயதுக்குப் பிறகு வாய் பிளந்து நிற்பேன் என்று நினைக்கவில்லை.

இனி, எழுதக் கை வராதது. குடும்பம் கேட்டால் சொல்லலாம் என்று சோதனையைக் கண்காணிக்கும் குழு அனுமதித்திருக்கிறது.

கம்ப்பானுக்கு ஏற்றியது மருந்துதான். உப்பு நீர் இல்லை. மருந்து போயும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. உங்கள் ரத்தம் தோற்றது என்று நினைத்துவிடாதீர்கள். மருந்தை நாங்கள்தான் இன்னும் சரியாகச் செய்யவில்லை. இன்னும் பலமான ஒன்றைத் தேட வேண்டும்.

இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டியதில்லை.

தவீசக்


நோன் சாங்
28 மார்ச்

டாக்டர் அண்ணாவுக்கு,

கடிதம் வந்து நாளாகிவிட்டது. உப்பு நீர் என்று இருந்துவிடுமோ என்று பிரிக்கப் பயந்தேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். அவர் போன நேரம் நான் பக்கத்தில் இல்லை. என்னவோ அவசரமென்று, "அக்கா, கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். மறுபடி திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. புருஷனைத் தனியாக விட்டுவிட்டேன் என்று இத்தனை நாளும் சோறு இறங்கவில்லை.

நான் வெளியே நிற்கவில்லை, அண்ணா. உள்ளேதான் இருந்திருக்கிறேன். அவர் ரத்தத்துக்குள்ளேயே நின்று கடைசிவரை மல்லுக்கட்டியிருக்கிறேன். உங்கள் கடிதம் வராவிட்டால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

இன்னும் பலமானது தேட வேண்டும் என்கிறீர்களே, அதற்கு ரத்தம் வேண்டாமா? சொங்கிரான் பண்டிகை முடிந்ததும் ஆளை அனுப்புங்கள். போன தடவை வந்த பையன் நரம்பைத் தேடிக் கையெல்லாம் குத்தினான். அவனை வேண்டாம். நீங்களே வாருங்கள்.

உங்கள் தங்கை,
புவாலாய்