எதற்குச் சொன்னேன் அந்த ‘யெஸ்’

அம்மா,

இன்று காலை வேலூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது பக்கத்தில் உங்கள் ஊர்ப் பேச்சு கேட்டது. அதே உருட்டல், அதே பாதி விழுங்கிய முடிவுகள். ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஒரு பெண் கண்டக்டரிடம் வழி கேட்டாள். அவர் திருதிருவென்று விழித்தார். நான் போய்ப் பதில் சொன்னேன். முதல் தடவையிலேயே அத்தனையும் புரிந்தது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஆளில்லை. பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

எழுபதுகளில் நீங்கள் ஸ்காட்லாந்தை விட்டு எங்கள் அடி அண்ணாமலையில் குடிவந்தபோது, தாலுகா ஆபீஸ் டைப்பிஸ்டான எனக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு என்று ஊரே நம்பியது. நானும் நம்பினேன். கண் மங்கிய உங்கள் தங்கைக்கு டைப் அடித்த எழுத்துதான் தெரியும் என்பதால், நீங்கள் எழுதிவைத்த கடிதங்களை ஞாயிறுதோறும் வந்து அடித்துத் தருவேன். தாளில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் வாயைத் திறந்தால்தான் எனக்கு வியர்க்கும்.

பெரியவர்களை எத்தனை முறைதான் திரும்பச் சொல்லச் சொல்வது? இரண்டு முறை கேட்பேன். மூன்றாவது முறை “யெஸ், மேடம்” என்று தலையாட்டிவிடுவேன். பால் ஊற்ற வரும் முனியம்மா சிரிப்பாள்.

“இன்னும் கொஞ்சம் டீ வேணுமான்னு அந்தம்மா கேக்குது. படிச்சவரு நீங்க, இதுக்குப் போயி முழிக்கிறீங்களே!”

இங்கிலீஷில் ஓர் எழுத்து அறியாதவள். அவள் உங்கள் முகத்தைப் பார்த்தாள். நான் வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் உங்களால் பேனா பிடிக்க முடியவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டீர்கள். குனிந்து கேட்டேன். மறுபடியும் சொன்னீர்கள். புரியவில்லை. மூச்சு வாங்கும் உங்களை மூன்றாம் முறை சிரமப்படுத்த மனம் வரவில்லை.

“யெஸ், மேடம்.”

உங்கள் முகம் தெளிந்தது. கையை விட்டீர்கள். மறுநாள் நீங்கள் இல்லை.

முனியம்மாவிடம் சொல்லி அழுதேன். “ஆமான்னு சொல்லிட்டீங்க இல்ல, அப்ப செஞ்சுதான் ஆவணும்” என்றாள். எதை என்று அவளுக்கும் தெரியவில்லை.

அதனால் நீங்கள் கேட்டிருக்கக்கூடியதையெல்லாம் செய்தேன். உங்கள் நாயை வீட்டுக்குக் கூட்டிவந்தேன்; ஆறு வருஷம் என்னோடு இருந்தது. தங்கைக்கு மாதம் ஒரு கடிதம் அடித்தேன், பதில் நின்றுபோகும்வரை. நீங்கள் நட்ட அரளிக்கு இன்றும் தண்ணீர் ஊற்றுகிறேன். வெளிநாட்டுக்காரர்கள் உட்காரும் டீக்கடைகளில் வெட்கத்தை விட்டுக் காது கொடுத்துப் பழகினேன். உங்களுக்காக இல்லை, இனி யாரிடமும் அப்படித் தலையாட்டக் கூடாது என்றுதான்.

இப்போது நாயும் இல்லை, கடிதமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை, அம்மா.

ஒருவேளை நீங்கள் அன்று, “நான் சொல்றது உனக்குப் புரியுதா?” என்று மட்டும் கேட்டிருந்தால், என் ‘யெஸ்’ இன்று காலைதான் உண்மையானது.