பைன் மரத்துப் பளிங்கு

ஜனவரி 18, 1970. ஞாயிறு
முழங்கால் வரை பனி. ஆலயத்தில் இன்று நான் பாடியதில் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மற்றவர்கள் வாயசைத்தார்கள்.

அடுத்த ஞாயிறு ஓட்டெடுப்பு. தாத்தாக்கள் கட்டிய இந்த ஆலயத்தை இடித்துவிட்டுச் செங்கல்லில் புதியது கட்டலாமா என்று பிஷப் லாம்பர்ட் கேட்கப்போகிறார். (வாரம் முழுக்கப் பால்பண்ணை, ஞாயிறு மட்டும் பிஷப்.) இதன் பளிங்குத் தூண்களை என் தாத்தா சோரன் இத்தாலியிலிருந்து பன்னிரண்டு மாட்டுவண்டிகளில் கொண்டுவந்ததை வாசலில் எல்லோருக்கும் நினைவுபடுத்தினேன்.

“போன வாரம் எட்டு வண்டிதானே மாமா? வழியில குட்டி போட்டுச்சா?” என்றாள் அக்கா மகள் ஸீனா. பிறகு மெதுவாக, “எதிர்த்துக் கை தூக்குவீங்கல்ல?”

“ரெண்டு கையும்.”

ஜனவரி 25
எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பிஷப் நீளமாகப் பேசினார். நான் மேலே பார்த்தேன். நீலக் கூரை, தாத்தா தீட்டிய நட்சத்திரங்கள். பார்க்கப் பார்க்கப் பெஞ்சு படகாகிவிடும். தாத்தா சாரத்தில் மல்லாந்து படுத்து ஒரு நட்சத்திரத்துக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தார். தூரிகைக்காகக் கையை நீட்டினார். எடுத்துக் கொடுக்க நானும் நீட்டினேன்.

விழித்தால் என் வலது கை மேலே. ஊரின் கையெல்லாம் மேலே. “சம்மதிப்பவர்கள்” என்று பிஷப் கேட்டு முடித்திருந்தார். ஐம்பது வருடமாக அந்தச் சொல்லுக்கு எழுந்து பழகிய கை — என்னைக் கேட்டா எழும்?

“எதிர்ப்பவர்கள்?”

தூக்கியிருக்கலாம். இரண்டுக்கும் தூக்கினால் சிரிப்பார்களே என்று மடியிலேயே வைத்திருந்தேன். முன்வரிசையில், பின்னால் திரும்பிப் பாராமல், ஸீனாவின் கை மட்டும், தன்னந்தனியாக.

வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நாம ரெண்டு பேராவது தூக்கினோமே மாமா.”

“தோள் விட்டுப்போற வரைக்கும்” என்றேன்.

ஜனவரி 26
எதுக்கு அப்படிச் சொன்னேன்?

மார்ச் 9. திங்கள்
இடித்துவிட்டார்கள். தூசி வெயிலில் பொன்னாக மிதந்தது. கூரையின் நீலம் தரையில் கிடந்ததால் வானத்தின் மேல் நடப்பதுபோல் நடந்தேன்.

தூண் பிளந்திருந்தது. உள்ளே பைன். “உன் இத்தாலி உள்ள வெறும் கட்டைப்பா” என்றான் பக்கத்து வீட்டு ஹீபர்.

எனக்குத் தெரியாதா? தாத்தா கோழி இறகைச் சாயத்தில் தோய்த்துக் கட்டைமேல் பளிங்கின் கோடுகளை நரம்பு நரம்பாக இழுத்தார் என்று அப்பா சொல்லியிருக்கிறார். இந்தப் பள்ளத்தாக்கில் பளிங்கு ஏது? இருந்த பைனையே பளிங்காக்கிக் கடவுளுக்குக் கொடுத்தார்கள்.

ஸீனா ஹீபரை விடவில்லை. “நீங்க பேசாதீங்க. இதைக் காப்பாத்தக் கை தூக்கினவர் எங்க மாமா.”

ஹீபர் என்னைப் பார்த்தான். அன்று என் பெஞ்சில்தான் இருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் பாவி.

ஏப்ரல் 5. உபவாச ஞாயிறு
இப்போதைக்குப் பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில்தான் கூடுகிறோம். மாதத்தில் இந்த ஒரு நாள் வெறும் வயிற்றோடு யார் வேண்டுமானாலும் எழுந்து சாட்சி சொல்லலாம். நான் வழக்கமாக அரைமணி நேரம் சொல்வேன்.

“தூண் பைன் மரம். அன்னைக்கு என் கையும் சம்மதத்துக்குத்தான் எழுந்துச்சு. எதிர்த்தது ஸீனா மட்டும்” என்று சொல்லி உட்கார்ந்தேன்.

ஸீனா திரும்பவில்லை. வாசலிலும் நிற்கவில்லை.

ஏப்ரல் 19
ஸீனா வந்தாள். தூணின் ஒரு சில்லை மேசைமேல் வைத்தாள். நரம்புகள் அப்படியே ஓடுகின்றன.

“எத்தனை வண்டி மாமா?”

“வண்டியே இல்லம்மா. ஒரு கோழி.”

வெகுநேரம் சில்லையே தடவிக்கொண்டிருந்தாள்.

“பெரிய கோழியா?”

“சாதாரணக் கோழிதான்” என்றேன்.