யாரைத் தொடமாட்டீர்கள்?

பாய்,

போன வாரம் மகன் என்னை ஓர் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். கடைத்தெருவில் ஒரு மாடியில் புதிதாகத் திறந்திருக்கிறார்கள். கைரோபிராக்டிக், மசாஜ் என்று கண்ணாடிக் கதவில் எழுதியிருந்தது. உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு மேசை. மெத்தை தைத்த நீள மேசை, தலைமாட்டில் முகம் வைத்துக்கொள்ள ஓர் ஓட்டை. எனக்கு உடனே உங்கள் நினைவுதான் வந்தது. பின்னே வராதா?

அங்கிருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். சட்டையைக் கழற்றிவிட்டுப் படுக்கச் சொன்னார். ஒரு பொத்தானைக் கழற்றிவிட்டு, "தம்பி, நீங்க யாரைத் தொடமாட்டீங்க?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. "எல்லாருக்கும் பண்றோம் ஐயா. சின்னப் புள்ளைங்கள்லேர்ந்து உங்களை மாதிரி பெரியவங்க வரைக்கும்" என்றார். கழற்றிய பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டேன். மகனுக்குக் கோபம். "எல்லாத்தையும் சந்தேகப்பட்டா எப்படிப்பா?" என்று வீடு வரும்வரை முணுமுணுத்தான். அவனுக்கு விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமையில்லை. உங்களுக்கானால் விளக்கவே வேண்டியதில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

சந்தேகப்படுவது எனக்குச் சம்பளம் வாங்கிய வேலை. ஐம்பதுகளின் தொடக்கத்தில் காரைக்காலில் பிரெஞ்சுக்காரன் இருந்தான். சுற்றிலும் இந்தியா. சுங்கத்தை அப்போது எல்லோரும் பிரெஞ்சிலேயே 'துவான்' என்றார்கள். நான் ரயிலடியில் நின்ற துவான்காரன். சிரித்துக்கொண்டு வருகிறவனின் பெட்டியை முதலில் திறப்பேன். 'இதில் எவனுக்கு லாபம்' என்று கேட்டுப் பார்த்தால் பாதித் திருட்டு வெளியே வந்துவிடும் என்று வீட்டில் செசிலியிடம் பெருமையடித்துக்கொள்வேன். கட்டிய மனைவி, வேறு வழியில்லாமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

நீங்கள் சிரித்துக்கொண்டுதான் ரயிலை விட்டு இறங்கினீர்கள். சைகோனில் சண்டை வலுத்ததும் ஜவுளிக்கடையை மூடிவிட்டு ஊர் திரும்பிய எத்தனையோ மரைக்காயர்களில் நீங்களும் ஒருவர். எல்லோரும் பட்டும் பீங்கானும் கொண்டுவந்தார்கள். நீங்கள் இரண்டாக மடிகிற ஒரு மேசையைக் கொண்டுவந்தீர்கள். அதில் ஓர் ஓட்டை வேறு.

"இது என்ன?" என்றேன்.

"முகம் வைக்கிற இடம், முசே" என்றீர்கள். பிரெஞ்சு உத்தியோகத்தில் இருந்தவர்களை ஊரில் அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

"முகத்தை எதுக்கு மேசையில வைக்கணும்?"

"குப்புறப் படுத்தா மூச்சு விடணுமில்ல."

இதைவிடச் சந்தேகத்துக்குரிய பதிலை நான் அந்த ரயிலடியில் கேட்டதில்லை. மெத்தையைப் பிரிக்கச் சொன்னேன். உள்ளே தேங்காய் நார்தான் இருந்தது. நாரை ஒரு பிடி எடுத்து மோந்துகூடப் பார்த்தேன். நீங்கள் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் நின்றீர்கள். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை. இன்றைக்கும் அப்படி ஒரு மேசை வந்தால் பிரிக்கத்தான் செய்வேன். அது என் கடமை.

அப்புறம் உங்கள் தொழில் ஊருக்குத் தெரிந்தது. சைகோனில் துணிமூட்டை தூக்கி உங்கள் இடுப்பு பிடித்துக்கொண்டபோது, அமெரிக்காவில் கற்றுவந்த ஒரு பிரெஞ்சுக்காரர் அதைக் கையாலேயே சரிசெய்தாராம். அவர் வித்தையைக் கூடவே இருந்து கற்றுக்கொண்டீர்களாம். 'கிரோப்ரக்தேர்' என்று பிரெஞ்சில் ஏதோ பெயர் சொன்னீர்கள். ஊருக்கு அது வாயில் நுழையவில்லை. விரலுக்கு நெட்டி முறிப்பதுபோல முதுகுக்கு நெட்டி முறிக்கிறவர் என்று 'நெட்டி பாய்' ஆக்கிவிட்டார்கள்.

கடைத்தெருவில் உங்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் குறுக்கு விசாரணை செய்வேன். எண்ணெய் போட்டுப் பிடித்துவிடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒருநாள் மடக்கினேன்.

"பிடிச்சுவிடுறது சதைக்கு, முசே. இது மூட்டுக்கு. சதை இறுகிக் கிடந்தா மூட்டு பேச்சு கேக்காது. அதனால முதல்ல எண்ணெய், நெதானமா தேய்ச்சுவிடறது. அப்பறம் எந்த மூட்டு அசையலைன்னு விரலால தேடணும். கெடைச்சா, சின்னதா, சட்டுன்னு ஒரு தள்ளு. அவ்வளவுதான்."

"டப்புன்னு எலும்பு ஒடையிற சத்தம் கேக்குதாமே?"

"எலும்பு ஒடைஞ்சா ஆளு எந்திரிச்சு நடப்பானா? விரல்ல நெட்டி முறிக்கறப்ப வர்ற சத்தந்தான் அது. சத்தம் வந்தாத்தான் சொகம்னு இல்ல. வராமலும் சரியாகும்."

"எல்லா வியாதிக்கும் முதுகெலும்புதான் காரணம்னு உங்க வெள்ளைக்காரன் சொல்றானாமே?"

நீங்கள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினீர்கள். "சொன்னான். நா நம்பலை. முதுகு, கழுத்து, இடுப்பு. அதோட நிறுத்திக்குவேன்."

இந்தப் பதில் என்னைக் கொஞ்சம் குழப்பியது. ஏமாற்றுக்காரன் எவனும் தன் சரக்கைக் குறைத்துச் சொல்லமாட்டான். ஆனால் கைதேர்ந்த ஏமாற்றுக்காரன் சொல்வான் என்று வீடு திரும்பும் வழியில் தோன்றியது. மனம் சமாதானமாயிற்று.

மகள் பிறந்து தவழத் தொடங்கியிருந்த சமயம் செசிலிக்கு முதுகுவலி வந்தது. முதலில் பிள்ளை பெற்ற வலி என்றார்கள். பிறகு குழந்தையைக் குனிந்து தூக்க முடியவில்லை. தரையில் கிடக்கும் கரண்டியை எடுக்கக்கூட முட்டியில் கை ஊன்றி உட்கார்ந்து எழுவாள். குழந்தை காலடியில் வந்து கையை நீட்டி அழும். இவளும் கூடச் சேர்ந்து அழுவாள். அதைப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போவது பெரிய கொடுமையாக இருந்தது. கடைசியில் உங்கள் வாசலுக்கு வந்தேன்.

பெண்களை நீங்கள் தொடுவதில்லை. உள்ளே ஒரு திரை கட்டி, அதற்கு அந்தப் பக்கம் உங்கள் மனைவி பார்ப்பார்கள். நீங்கள் இந்தப் பக்கம் நின்று கேட்டுக் கேட்டுச் சொல்வீர்கள். நான் உங்களுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, திரையையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நடு முதுகுல ஒரு எலும்பு முட்டிக்கிட்டு நிக்குது. தொட்டாலே தங்கச்சி துடிக்குது" என்றார்கள் உங்கள் மனைவி.

"ராத்திரி படுத்தா வலி கொறையுதா, கூடுதான்னு கேளு."

"கூடுதாம்."

"சாயங்காலத்துல காய்ச்சல் அடிக்குதா?"

செசிலியின் குரல் மெதுவாக வந்தது. "லேசா கணகணன்னு இருக்கும். விடிஞ்சா வேர்த்து விட்டுரும்."

அவள் என்னிடம் அதைச் சொன்னதேயில்லை.

"ஒடம்பு எளைச்சிருக்கா?"

"ரவிக்கையெல்லாம் தொளதொளன்னு கெடக்குது" என்றார்கள் உங்கள் மனைவி.

உங்கள் முகம் மாறியது. "கையை எடு. எண்ணெய்கூட வேணாம்" என்றீர்கள். என் பக்கம் திரும்பி, "முசே, இதை நா தொடமாட்டேன். எனக்கு சந்தேகமா இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. முதுகைப் படம் எடுத்துப் பாக்கச் சொல்லுங்க" என்றீர்கள்.

சந்தேகம் என்ற சொல்லை என்னிடமே சொன்னீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர் முதுகையெல்லாம் முறிக்கிறவர் என் மனைவிக்கு மட்டும் கைவிரிப்பானேன்? ரயிலடியில் மெத்தையைப் பிரித்ததற்கு வஞ்சம் தீர்க்கிறீர்கள் என்று முடிவுகட்டினேன். அவளை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் நான் தேடிப்பிடித்த வழி உங்களுக்குத் தெரியும். பிறக்கும்போது கால் முன்னால் வந்து பிறந்தவர் முதுகில் மிதித்தால் எப்பேர்ப்பட்ட பிடிப்பும் விட்டுவிடும் என்பது நம் பக்கத்து வழக்கம். திருநள்ளாற்றுப் பக்கம் அப்படி ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், பார மாட்டுவண்டி ஓட்டுகிறவர், கனத்த உடம்பு. காசு எதுவும் வாங்கமாட்டார். தெருவில் பாதிப்பேர் அவர் காலில் மிதிபட்டுச் சுகமானவர்கள். இத்தனை பேர் அறிந்த முறையில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? மறுநாள் காலையிலேயே குதிரைவண்டி பேசி, செசிலியை ஏற்றி, குழந்தையை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

யார் உங்களுக்குச் சொன்னார்களோ, வண்டி தெருமுனையைத் தாண்டவில்லை. நீங்கள் எதிரே வந்து குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துவிட்டீர்கள். தொப்பிகூட இல்லாமல் ஓடி வந்திருந்தீர்கள். மூச்சு வாங்கியது.

"மிதிக்க விடாதீங்க முசே. கால் ரெண்டும் போயிடும்."

"கையை எடுங்க பாய். உங்க கோவத்தை என் பொண்டாட்டி முதுகுல காட்டாதீங்க."

"எனக்கு என்ன கோவம்? மேசையவா சொல்றீங்க? அதை அன்னிக்கே தைச்சுட்டேன்."

தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். நான் வண்டிக்காரனை ஓட்டச் சொன்னேன். அவன் உங்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சவுக்கைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். அப்போதுதான் உள்ளேயிருந்து செசிலி பேசினாள்.

"நீங்கதானே சொல்லுவீங்க, இதுல எவனுக்கு லாபம்னு பாக்கணும்னு. என்னைத் தொடமாட்டேன்னு திருப்பி அனுப்புனதுல இவருக்கு என்ன லாபங்க?"

எப்படிப் புரட்டிப் பார்த்தும் உங்களுக்கு ஒரு லாபமும் தென்படவில்லை. வைத்தியம் செய்திருந்தால் உங்களுக்குப் பேர் கிடைத்திருக்கும். துவான்காரன் உங்களிடம் வந்து நின்றான் என்று ஊரே பேசியிருக்கும். வேண்டாம் என்றதில் வசவுதான் கிடைத்தது.

"என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். நீங்கள் கடிவாளத்தை விடவில்லை. குதிரையை நீங்களே திருப்பி, ஆஸ்பத்திரி வாசல்வரை பிடித்துக்கொண்டு நடந்து வந்தீர்கள். என்னை அவ்வளவுதான் நம்பினீர்கள்.

படம் எடுத்துப் பார்த்தார்கள். முதுகெலும்பில் காசநோய். நெஞ்சில்தான் வரும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நோய் எலும்பை அரித்துவைத்திருந்தது. அதன்மேல் ஒரு ஆள் ஏறி மிதித்திருந்தால் இந்தப் பெண் அப்புறம் நடந்திருக்கமாட்டாள் என்று டாக்டர் பிரெஞ்சில் சொன்னார். அதை அவளுக்குத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மார்பிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டு. ஊசிக்கு மேல் ஊசி. மாதக்கணக்கில் அசையாமல் படுக்கை. அவள் படுத்திருந்த காலத்தில்தான் பிரெஞ்சுக்கொடி இறங்கி இந்தியக்கொடி ஏறியது. வெளியே வெடிச்சத்தம் கேட்டு என்னவென்று விசாரித்தாள். துவான் போய்விட்டது, இனி யார் பெட்டியையும் பிரிக்க முடியாது என்றேன். கட்டு வலிக்கிறது, சிரிக்கவைக்காதீர்கள் என்றாள்.

கட்டைப் பிரித்தபோது கால்கள் குச்சியாகிப் போயிருந்தன. டாக்டர் சரி என்ற பிறகுதான் உங்கள் மனைவி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார்கள். கால் சதைக்கு மட்டும். பாதத்திலிருந்து மேல்நோக்கித் தேய்த்து, முட்டியை மடக்கி நீட்டி, தினம் வந்தார்கள். முதுகுப் பக்கம் ஒரு விரல்கூடப் போகாது. இரண்டு பெண்களும் உள்ளே என்ன பேசிச் சிரித்தார்களோ, நான் போனால் நிறுத்திவிடுவார்கள். என்னைப் பற்றித்தான் என்று எனக்குச் சந்தேகம். செசிலி எழுந்து, சுவரைப் பிடித்து, பிறகு பிடிக்காமல், குழந்தை இருந்த இடம்வரை நடந்தாள். குழந்தை அதற்குள் ஓடப் பழகியிருந்தது. அம்மா நடப்பதைப் புதிதாகப் பார்த்து மிரண்டு என்னிடம் ஓடிவந்தது.

ரொம்ப வருஷம் கழித்து என் கழுத்து பிடித்துக்கொண்டபோது உங்கள் மேசையில் நானே படுத்தேன். அந்த ஓட்டையில் முகத்தை வைத்தால் தரை மட்டும்தான் தெரிகிறது. யார் வருகிறார்கள், என்ன செய்யப்போகிறார்கள், ஒன்றும் தெரியாது. துவான்காரனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. படுக்கவைப்பதற்கு முன்னால் என்னை எத்தனை கேள்வி கேட்டீர்கள். காய்ச்சல் உண்டா, கை மரக்கிறதா, விழுந்தேனா. அவ்வளவும் நான் ரயிலடியில் கேட்ட மாதிரியே இருந்தது. அப்புறம் டப்பென்று ஒரு சத்தம்.

"சந்தேகம் போச்சா முசே?"

"வலி போச்சு. சந்தேகம் இருக்கு."

"இருக்கட்டும், நல்லதுதான்" என்றீர்கள்.

உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்று நானும் ஆண்களோடு பின்னால் நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது உங்கள் வீட்டு வாசலில் பெண்களுக்கு நடுவே செசிலி நின்றுகொண்டிருந்தாள். யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அவளுக்கு அப்போதே வயதாகிவிட்டது, வெயிலும் கடுமை. அவள் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டாள். நாங்கள் பள்ளிவாசல் பக்கம் திரும்பும்வரை அப்படியே நின்றாள். ஏன் உட்காரவில்லை என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். "அவருக்கு நின்னுதாங்க வழியனுப்பணும்" என்றாள்.

இப்போதும் தினம் சாயங்காலம் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறேன். எத்தனையோ வருஷமாக ஜில்லென்றுதான் இருக்கிறது. "இன்னுமா சோதனை?" என்று என் கையைத் தட்டிவிடுகிறாள். தட்டிவிட்டு, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று வேகமாக எழுந்து நடந்து போகிறாள், பாய்.