முந்திரி வளைவில் நடந்தது

என் யோகம்,

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதே. நான் வண்டியை மோதிவிட்டேன். ஒஸ்லோவின் பனியில் இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டி, ஒரு கீறல்கூட விழாமல் வீடு வந்த உன் மனுசன், இங்கே தன்னாமுனைப் பக்கம், வாவிக்கரையில், ஆமைபோல ஊர்கிற பற்றரி வண்டியைக் கொண்டுபோய் மோதியிருக்கிறேன். சிரிக்கிறாயா? சிரி. உன்னைத் தவிர வேறு யாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

நீ இருந்தபோது இந்த ஓய்வுக் குடியிருப்பு வளவு எப்படி இருந்தது என்று எனக்கே மறந்துபோகிறது. பின்னேரம் நாம் நடந்தால் ஒவ்வொரு கேற்றிலும் யாராவது நின்று மறித்துக் கதைப்பார்கள். இப்போது பக்கத்துத் தென்னங்காணியையும் வாங்கி, அங்கேயும் வீடுகள் எழும்பி, ஆட்களும் குடிவந்துவிட்டார்கள். எல்லாரும் நம்மைப்போல வெளிநாட்டில் வேலைசெய்து ஓய்ந்து, கடைசிக் காலத்தை ஊரில் கழிக்க வந்தவர்கள்தான். வீட்டுக்கு ஒரு கோல்ஃப் வண்டி. விளையாட ஒரு துண்டு புல்தரை இல்லை, கோல்ஃப் வண்டிக்கு மட்டும் குறைவில்லை! பாதைகளோ அன்று போலத்தான், இரண்டு பேர் கைவீசி நடக்கிற அகலம்.

செவ்வாய்க்கிழமை டொக்டர் வருகிற காலை நேரத்தில் நீ வந்து பார்க்க வேண்டும். கிளினிக் வாசலில் வண்டிகள், அவற்றுக்குள் புகுந்து வருகிற மீன்காரரின் மோட்டார் சைக்கிள், ஓட்டோ, லீவில் பேரப்பிள்ளைகளை ஏற்றிவந்த வான். முன்னால் போகிறவர் பிரஷர் குளிசை போட்டாரா இல்லையா என்று நடுப்பாதையில் நிறுத்தி யோசிப்பார். பின்னால் ஆறு வண்டி நிற்கும். இத்தனை பேர் நெருக்கியடித்தும் யாரும் யாரோடும் பேசுவதில்லை, யோகம். மழைக்குப் போட்ட பிளாஸ்ரிக் திரைக்குள் இருந்து ஒரு கை மட்டும் அசையும். சில நாட்களில் நான் வாய்திறந்து பேசியது மீன்காரரோடு மட்டும்தான் இருக்கும்.

எந்தப் பக்கத்தால் ஓட வேண்டும் என்று இங்கே யாரும் எழுதிவைக்கவில்லை. கனடா, ஜேர்மனி, பிரான்ஸ், நோர்வே என்று இருந்துவிட்டு வந்த நாங்கள் கைப்பழக்கத்தில் வலப்பக்கம் ஓடினோம். கேற்றுக்கு வெளியே நாடே இடப்பக்கம் ஓடுகிறது. ஆகவே கேற்றடியில் பக்கம் மாறுகிற இடத்தில் எந்த நேரமும் இழுபறி. பக்கத்தில் நீ இருந்திருந்தால் "பாத்து, பாத்து" என்று என் தொடையைப் பிடித்திருப்பாய்.

வளவுக்குள்ளும் இடப்பக்கம் ஓடியவர் சிவலிங்கம் அண்ணன் ஒருவர்தான். நீ போன பிறகு வந்தவர், உனக்குத் தெரியாது. வவுணதீவில் தபால்காரராக இருந்தவர். வயல்வட்டை வரம்புகளில் சைக்கிள் மிதித்துக் கடிதம் கொடுத்த மனிதர், கடல் தாண்டியதே இல்லை. சுவிஸில் இருக்கிற மகள்தான் இங்கே வீடு வாங்கிக் கொடுத்திருக்கிறாள், தாய்க்காக. அண்ணனின் மனுசி நேசம் அக்காவுக்குப் பாரிசவாதம். பேச்சும் போய், வளவின் கடைசியில் உள்ள பராமரிப்பு இல்லத்தில் கிடக்கிறார். தாதி ஊட்டினால் வாய் திறக்க மாட்டார். அண்ணன்தான் மத்தியானமும் பின்னேரமும் சோற்றை மசித்து எடுத்துக்கொண்டு வண்டியில் போவார். பற்றரி வண்டி சத்தமில்லாமல் வரும் என்பதால், பழைய சைக்கிள் மணியைக் கழற்றி அதில் பூட்டியிருந்தார். ஊட்டிவிட்டுத் திரும்பும்போது நம் வீட்டில் நிறுத்தி பாலில்லாமல் ஒரு பிளேன்ரீ குடிப்பார். அந்த அரை மணித்தியாலத்துக்காகத்தான் நான் காலையில் எழும்பினேன் என்று சொன்னால் மிகையில்லை.

அவருடைய வண்டியில்தான் நான் மோதினேன். முந்திரி மரத்தடி வளைவில், ஒரு மத்தியானம். அவர் தன் இடப்பக்கத்தில், நான் என் வலப்பக்கத்தில். எதிரெதிரே வரும்போது இரண்டும் ஒரே ஓரம்தானே? அவருடைய முன்சில்லு பாதையோர வடிகானுக்குள் இறங்கியது. முழங்காலில் அடி. நேசம் அக்காவின் சோறு பாதையெல்லாம் சிதறிக் கிடந்தது.

நலன்புரிச் சங்கம் கூட்டம் வைத்தது. தலைவர் கனடாவில் எஞ்சினியராக இருந்தவர், எதையும் உடனே தீர்த்துவிட வேண்டும் அவருக்கு. "பூபாலன் அண்ணன், நீங்க சொல்லுங்க, என்ன நடந்தது?" என்று முதலில் என்னைத்தான் கேட்டார்.

"வளைவுல கிறுகக்குள்ள திடீரெண்டு எனக்கு முன்னால வந்துட்டார்" என்றேன்.

அவ்வளவுதான். இருபத்தெட்டு வருடம் பஸ் ஓடின கையில் பிழை வராது என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். சிவலிங்கம் அண்ணன் மெதுவாக எழும்பினார். "கேற்றத் தாண்டினா நீங்க எல்லாரும் இடப்பக்கம்தானே தம்பி போறீங்க? நான் உள்ளுக்கும் அப்பிடித்தான் போறன். அதுல என்ன பிழை?"

"வெளிய வேற, வளவு வேற அண்ணன். இஞ்ச எல்லாரும் போற பக்கம்தான் பக்கம்" என்றார் தலைவர். பிறந்த மண்ணை விட்டு ஒரு நாளும் போகாத மனிதருக்கு, போய்விட்டுத் திரும்பிய நாங்கள் பக்கம் சொல்லிக் கொடுத்தோம். அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். வண்டியைக் கிளப்புகிற திறப்பை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து நடை. வீங்கிய முழங்காலோடு, பொல்லை ஊன்றி, சாப்பாட்டுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, உச்சி வெயிலில் நம் வீட்டைக் கடந்து போவார். ஏற்றிக்கொண்டு போகட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். "நடந்தா உடம்புக்கு நல்லம் தம்பி" என்றார், முகத்தைத் திருப்பாமல். பிளேன்ரீ நின்றுபோனது. நான் கேத்தலை அடுப்பில் வைப்பதும் இறக்குவதுமாக இருந்தேன்.

யோகம், நான் பொய் சொன்னேன். அவர் திடீரென்று வரவில்லை. என்னைக் கண்டு தூரத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டார். மணியையும் அடித்தார். நின்ற வண்டியில்தான் நான் போய் இடித்தேன். மணி என் காதில் விழவில்லை, ஏனென்றால் நான் உன்னோடு பேசிக்கொண்டிருந்தேன்.

நீ போன நாளிலிருந்து இந்தப் பழக்கம். வீட்டுக்குள் பேச்சு வருவதில்லை, வண்டியில் ஏறினால் வந்துவிடும். அன்று கொடுவா மீன் வாங்கியிருந்தேன், வழக்கம்போல இரண்டு பேருக்கு. "புளியாணத்துக்கு எவ்வளவு புளி கரைக்க வேணும், யோகம்?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு உன் இருக்கையின் பக்கம் திரும்பினேன். சும்மா திரும்பவில்லை. நீ சொல்வாய் என்று உண்மையாகவே காத்திருந்தேன்.

இதை எப்படிச் சபையில் சொல்வது? இறந்த மனுசியோடு பேசுகிறவன் என்றால் புத்தி தடுமாறிவிட்டது என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதப்பட்டவர்களுக்கு இங்கே தனி வீடு கிடையாது. பராமரிப்பு இல்லத்தில் ஒரு கட்டிலும் ஒரு அலுமாரியும்தான். நீ சமைத்த குசினியை யாரோ வெள்ளையடித்து வேறு ஆட்களுக்குக் கொடுப்பார்கள். அந்தப் பயத்தில்தான் வாய் புரண்டது. பஸ்காரனின் வீம்பும் கொஞ்சம் இருந்தது, மறைக்கவில்லை.

பதினோராம் நாள், அண்ணன் நம் கேற்றடியில் வந்ததும் அதற்குமேல் நடக்க முடியாமல் வடிகான் கட்டில் குந்திவிட்டார். மடியில் சாப்பாட்டுப் பெட்டி. ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார்.

"நேரம் போயிட்டு. அவள் வாசலப் பாத்துக்கிட்டுக் கிடப்பாள்" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. பொல்லைப் பிடித்து எழும்பிப் போனார்.

அவருக்குப் போய்ச் சேர ஒரு ஆள் இருக்கிறது, யோகம். எனக்கு அது பொறாமையாக இருந்தது. அந்தப் பொறாமையைக் கண்டுதான் எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது. தலைவருக்குப் போன் எடுத்து, அன்றைக்கே திரும்பவும் எல்லாரையும் கூட்டச் சொன்னேன்.

"அண்ணன் நிண்டவர். மணியும் அடிச்சவர். நான்தான் பாக்கல்ல" என்றேன்.

"ஏன் பாக்கல்ல?"

"என்ர மனுசியோட கதைச்சிக்கிட்டு வந்தன்."

தலைவர் ஒரு நிமிடம் யோசித்தார். "போன்லயா?"

"இல்ல. பக்கத்து சீற்றில."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். சிலர் நிலத்தைப் பார்த்தார்கள். அவர்களும் தங்கள் தங்கள் வண்டிக்குள் யாரோடாவது பேசுகிறார்களோ, யார் கண்டது?

அண்ணனின் திறப்பு அண்ணனுக்குப் போனது. என் திறப்பை, டொக்டர் பார்த்துச் சொல்லும்வரைக்கும் என்று, வாங்கிவிட்டார்கள். இனி வளவுக்குள்ளும் எல்லாரும் இடப்பக்கம்தான் என்று முடிவெடுத்து, பாதையில் அம்புக்குறி கீறியிருக்கிறார்கள். இப்போது எல்லாரும் எதிர் எதிரே நின்று யோசிக்கிறார்கள், நெரிசல் முந்தியதைவிட மோசம்.

அண்ணனுக்குத் திறப்புக் கிடைத்த அன்று பின்னேரம் கேற்றில் மணிச்சத்தம் கேட்டது. அண்ணன் வண்டியில் இருந்தபடியே என்னைப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாம் தம்பி. பதினொரு நாள் அவள் ஆறின சோறு திண்டவள்." குரலில் கோபம் இருந்தது, இருக்கத்தானே வேண்டும். பிறகு அவரே சொன்னார்: "நானும் அவளோட கதைக்கிறனான். காது கேக்குதோ தெரியாது, மறுமொழி வாறல்ல. ஆனா நான் வண்டிய நிப்பாட்டிப்போட்டுத்தான் கதைக்கிறன்."

பிளேன்ரீ குடிக்காமலே போய்விட்டார். இனி ஒருநாள் குடிப்பாரோ தெரியாது, இரண்டு கோப்பை கழுவி வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தைச் சாப்பாட்டு மண்டபத்து அறிவித்தல் பலகையில் ஒட்டப் போகிறேன். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? வருகிற செவ்வாய்க்கிழமை டொக்டர் என்னைப் பரிசோதிப்பார். என்ன நாள், என்ன மாதம் என்று கேட்பாராம், நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்வாராம். அதெல்லாம் பிழைக்காது. உங்கட மனுசி எங்க என்று கேட்டால்? அதற்கும் சரியான விடை எனக்குத் தெரியும், யோகம். இதுவரைக்கும் அதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. செவ்வாய்க்கிழமை சொல்வேன்.

திறப்புத் திரும்பக் கிடைத்தால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஓடும்போது உன் பக்கம் திரும்ப மாட்டேன். பேச்சு வந்தால், இடப்பக்கமாக ஓரங்கட்டி, வண்டியை நிறுத்திவிட்டுப் பேசுவேன். நீ பதில் சொல்ல மாட்டாய் என்று தெரிந்துகொண்டே பேசுவேன்.

உன் மனுசன்,
பூபாலன்