மூணாறு செடிக்கு விட்ட தண்ணீர்

1958 மார்ச் 9

தம்பி வெங்கிட்டு பெண்டாட்டியை அழைத்து வந்துவிட்டான். கங்காவின் கையில் ஒரு பெட்டி, ஒரு பூந்தொட்டி. அவள் அப்பா வேலை பார்க்கும் மூணாறு எஸ்டேட்டில் பங்களாவுக்குப் பங்களா இருக்குமாம், தொட்டியிலிருக்கும் இந்த மஞ்சள் டெய்ஸி. செவ்வந்திக்குச் சொந்தம்தான், ஆனால் இது குத்துச்செடி, வருஷம் முழுக்கப் பச்சை. வந்ததும் சமையலறையைக் கேட்பாள் என்று பயந்திருந்தேன். வெயில் எங்கே விழும் என்றுதான் கேட்டாள். முற்றத்தைக் காட்டினேன்.

மார்ச் 10

பூஜைத் தீர்த்தத்தைக் கால்படும் இடத்தில் கொட்டக் கூடாது. இத்தனை வருஷம் கொல்லைச் செம்பருத்திக்கு விட்டேன். இன்றுமுதல் கங்காவின் செடிக்கு. புதிதாக வந்தவளுக்கு ஒரு மரியாதை இருக்கட்டுமே. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜூன் 20

விடாத மழை. செடி தலை தொங்குகிறது. பாவம் என்று இன்னொரு சொம்பு சேர்த்து விட்டேன்.

ஜூலை 2

கங்காவுக்கு மூன்றாம் மாசம், சோறு கண்டாலே ஓக்காளம். இன்று செடியைத் தொட்டாள், வேர் அழுகிக் கையோடு வந்துவிட்டது. நாலு மாசத்தில் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்துப் பேசினாள்.

"வேர்ல தண்ணி நின்னா இது செத்துப் போயிடும், அக்கா. தெரிஞ்சுதானே விட்டேள்?"

தெரிஞ்சா! நானா! சாளக்கிராம அபிஷேகத் தீர்த்தம்டீ அது— இவளுக்கு விஷமாப் போச்சாக்கும்.

ஜூலை 3

பிரசவத்துக்குப் போனால் இந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டாளாம். எறணாகுளத்தில் தனியாக வீடு பார்க்கிறேன் என்கிறான் வெங்கிட்டு. அப்போது நான்? அவர் போனபிறகு எனக்கு இருப்பது இந்தத் தம்பி ஒருவன்தான். பயமாக இருக்கிறது.

ஜூலை 4

தூக்கிப் போட்ட செடியில் இரண்டு நுனி மட்டும் பச்சை. எடுத்துக்கொண்டு போய் அவள் எதிரில் நின்றேன். எப்படி வைக்கணும், சொல்லு என்றேன். நுனியைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். கீழ் இலையை உருவிவிட்டு ஆற்று மணலில் குத்த வேண்டும். மழை படக் கூடாது. மணல் காய்ந்தால்தான் தண்ணீர். "உங்களால விடாம இருக்க முடியாது" என்றாள்.

முடியாதா? பார்த்துவிடலாம்.

தீர்த்தம் மறுபடி செம்பருத்திக்கு.

ஆகஸ்ட் 17

துளிர். ஒன்றில் மட்டும்.

நவம்பர் 6

கங்கா மூணாறு போனாள். நுனியைக் கிள்ளிவிடுங்கோ, பக்கக்கிளை வரும் என்றாள். திரும்புவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

1959 ஜனவரி 21

பெண் குழந்தையாம். தாயும் சேயும் சௌக்கியம்.

பிப்ரவரி 1

பூத்திருக்கிறது. வெங்கிட்டு எறணாகுளத்து வீட்டைப் பேசி முடித்துவிட்டு வந்தான். பூவைப் பார்த்தான். யாருக்கும் நான் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. கெஞ்சுகிற வழக்கம் எனக்கில்லை.

ஏப்ரல் 12

கங்கா குழந்தையோடு நேரே இங்கேதான் வந்து இறங்கினாள். எறணாகுளத்து வீடு வெயிலே எட்டாத வீடாம், வேண்டாம் என்றுவிட்டாளாம். செடி பூத்ததை வெங்கிட்டு எழுதியிருந்தானாம். வெங்கிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் போட்டேன். கங்கா காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் கிடத்திக்கொண்டாள். சொம்பை என்னிடம் நீட்டினாள். நூல் மாதிரி விட்டேன்.

"நன்னா விடுங்கோ, அக்கா. இது செடியில்லை."

நன்றாகவே விட்டேன். குழந்தை வீல் என்று கத்தினாள்.